பூவேலை இல்லாத கவுன்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனைக்கு வந்த புதிதில், ஒவ்வொரு நாள் காலையிலும் குழாயடியில் ஒருத்தி என்னைத் திட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். "போடி நோனா" என்று சொல்லிச் சிரிப்பாள். நானும் பதிலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தைத் தூக்கிவருவேன். அவள் சொன்னது "பொடி நோனா" என்பதும், சிங்களத்தில் அதற்குச் சின்ன அம்மா என்று பொருள் என்பதும் சில மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வரிசையின் கோடி வீட்டிலிருந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கிப் பெண்மணி டோரத்தி அவளுக்கு 'லொகு நோனா', பெரிய அம்மா. நான் சின்ன அம்மா. அவள் பெயர் சீலாவதி. எங்கள் தூத்துக்குடியில் குழாயடிச் சண்டை என்றால் இரண்டு பக்கமும் விளங்கிக்கொண்டு போடும் சண்டை. இங்கே பாதிச் சண்டையை நானே தனியாகப் போட்டிருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேரும் வீட்டிலிருந்தபடியே தைக்கிறவர்கள். கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரரின் துணிக்கடைக்குக் குழந்தைகளின் கவுன் தைத்துக் கொடுத்தோம். வெட்டிய துணியைக் கட்டாகக் கட்டி, கடையின் கிளாக்கர் சின்னையா ரிக்‌ஷாவில் கொண்டுவருவார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் குடியிருந்தார். மெஷின், நூல், விளக்குக்கு எண்ணெய் எல்லாம் எங்களுடையவை. கவுனுக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் கடையின் ஆட்கள் அல்ல என்பதைத் துரை அடிக்கடி சொல்லி அனுப்புவார். அப்படியானால் யாருடைய ஆட்கள் என்று நான் கேட்டதில்லை. என் கணவர் அரிசி மண்டியில் கணக்கெழுதினார். அவர் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடும். என் தையல் காசு தூத்துக்குடிக்குப் போகும். எங்கள் மகள் அங்கே என் அக்காவோடு இருந்து கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கான துணிக்கட்டுகளை இறக்கிவைத்துவிட்டுச் சின்னையா போகாமல் வாசலில் நின்றார். "அக்கா, இந்தமுறை கூலியில நாலில ஒரு பங்கு குறைச்சிருக்கினம். வெளியில இருந்து தைச்ச உடுப்பே மலிவா வருதாம். என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். குறைவதை உழைத்து ஈடுகட்டிவிடலாம் என்று முதலில் எண்ணினேன். நம் ஊர்ப் பெண்களுக்கு முதலில் வருகிற யோசனை அதுதான். மீன் குறைந்தால் குழம்பில் தண்ணீரைக் கூட்டுவோம், காசு குறைந்தால் உடம்பைப் போட்டு உருட்டுவோம். நானும் சீலாவதியும் கூடுதலாகக் கட்டுகள் வாங்கித் தைத்தோம். தோள்பட்டை மரத்துப்போய், சோற்றைப் பிசைய இடது கையைத் தேடினேன். கடைசியில் கையில் வந்தது பழைய தொகைதான்.

டோரத்தி தன் கட்டை அவிழ்க்கவேயில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் என் வீட்டுக்குள் வந்து மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "என்ன மேன், குறைச்ச சல்லிக்கு நீங்க ரெண்டு பேரும் கூடத் தைச்சுக் குடுக்கிறது. அடுத்த வருஷம் இன்னும் குறைப்பான்தானே?" பெண்களையும் அவள் 'மேன்' என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கோபம் வந்தது. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, நிறுத்துவது சுலபம். ஆனால் அவள் வேலையை விடச் சொல்லவில்லை. கவுனின் நெஞ்சுப்பகுதியில் துணியைச் சுருக்கி அதன்மேல் நூலால் பூவேலை செய்வோம். ஸ்மொக்கிங் என்பார்கள். கவுனில் பாதி நேரம் தின்பது அதுதான், வெள்ளைக்காரப் பெண்கள் வந்து வாங்குவதும் அதற்காகத்தான். "குறைச்ச கூலிக்குப் பூ இல்லாத கவுன். ஒளிக்காமச் சொல்லிக் குடுப்பம்" என்றாள்.

அப்படியே செய்தோம். சின்னையா கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூ எங்க அக்கா?" "கூலிக்குத் தக்கனதான் தைச்சிருக்கோம். பழைய கூலி வந்தா பூவும் வரும்" என்றேன். அதன்பிறகு ரிக்‌ஷா வரவில்லை. மெஷின் சும்மா கிடந்தது. சீலாவதி ஒவ்வொரு காலையும் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். என் கணவர், "ஊருக்கே போயிருவோமா?" என்று கேட்டார். ஊரில் பிழைக்க என்ன இருக்கிறது?

ஒரு வெள்ளிக்கிழமை சின்னையா துணிக்கட்டில்லாமல் வந்தார். வியர்த்திருந்தார். வாசற்படி ஏறியதும், "அக்கா, உடன வெளிக்கிடுங்கோ" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னையவே வெளிய போகச் சொல்லுதீரோ? வாடகை குடுக்கிறது உம்ம துரையா?"

அவர் பயந்து படியிறங்கிவிட்டார். "ஐயோ, துரை கதைக்கக் கூப்பிடுறார் எண்டல்லோ சொல்ல வந்தனான்!" டோரத்தி ஓடிவந்து, வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சீலாவதியையும் கூட்டிக்கொண்டு ட்ராம் ஏறினோம்.

கடையின் பின்னறையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. துரை கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் மிகவும் மெதுவாகப் பேசினார். டோரத்தி எனக்குத் தமிழில் சொன்னாள்: "பழைய கூலி தாறானாம். ஆனா பூவேலை நல்லாத் தெரிஞ்ச ஆளுக்கு மட்டும். உனக்கும் எனக்கும்."

"அவளுக்கு?"

"அவளுக்கு இல்ல மேன்."

சீலாவதிக்கு நேர்த்தையல் மட்டுமே வரும், பூ கோணலாகப் போகும். அவளுக்கு இங்கிலீஷும் தெரியாது, எங்கள் தமிழும் பாதிதான் விளங்கும். துரையின் குரல் இதமாக இருந்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து, எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரும் தெம்பு எனக்கு இல்லை. என் மகளின் பள்ளிக்கூடம் இருந்தது, என் தோள் இருந்தது. "எல்லாக் கட்டையும் நம்ம ரெண்டு பேர் பேருலயே வாங்கு. மத்தத நம்ம வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுவோம்" என்றேன். டோரத்தி அதைத் துரையிடம் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். அவர் தலையசைத்தார்.

திரும்பும்போது ட்ராமில் சீலாவதியிடம் டோரத்தி சிங்களத்தில் சொன்னாள். அவள் சிரிப்பு உடனே போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "எதகொட்ட மட்ட வெட நெத்த?" என்றாள். அப்போது எனக்கு வேலை இல்லையா என்று கேட்கிறாள் என்பது எனக்கே விளங்கியது. நேர்த்தையல் உனக்கு, பூ எங்களுக்கு, கூலியைப் பங்கு வைப்போம் என்றோம். வெளியே பார்த்தபடி "கமக் நே" என்றாள். பரவாயில்லை என்று பொருள். அது பொய் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தக் கிறிஸ்மஸ் அப்படிக் கழிந்தது. மறுவருஷம் பூவேலைக் கவுன்களும் கப்பலிலேயே வரத் தொடங்கின. டோரத்தி வெள்ளவத்தைக்குத் தன் தங்கையிடம் போய்க் கல்யாண உடுப்புத் தைக்கிறாள். நானும் சீலாவதியும் கடைக்குத் தைப்பதை விட்டுவிட்டு, மாதா கோயில் திருநாளுக்கும், முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைக்கிறோம். துரையைவிடக் கொட்டாஞ்சேனைத் தாய்மார் பேரம் பேசுவதில் வல்லவர்கள். ஆனால் விலையை முதலில் சொல்கிறவர்கள் நாங்கள். அது இன்னும் வாய்க்குப் பழகவில்லை.

போன வாரம் மிஞ்சிய நீலத் துணியில் என் மகளுக்கு ஒரு கவுன் வெட்ட உட்கார்ந்தேன். ஊருக்குப் போகும் ஒருவர் கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார். அவளைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது, அளவு தெரியவில்லை. சீலாவதி தன் மகளைக் கூட்டிவந்து என் முன் நிறுத்தினாள், இருவருக்கும் ஒரே வயது. அந்தப் பிள்ளை கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். துணியை அவள்மேல் போட்டு, நான் முழங்காலில் நின்று ஊசி குத்தினேன். "ஒங்கட மகள் எவ்வளவு ஒசரம், பொடி நோனா?" என்று சீலாவதி கேட்டாள்.

"இவ்வளவு இருப்பா" என்று அந்தப் பிள்ளையின் காதுக்கு நேரே கையைப் பிடித்தேன். பிறகு சற்று யோசித்து, கையை உயர்த்தினேன். இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் கை அப்படியே நின்றது.