வேன்காரர்களுக்கு ஒரு பனிப்படம்

தை மாதக் குளிரை அழகு என்று சொல்கிறவர்கள் எல்லாம் கம்பளிக்குள்ளே இருந்துதான் சொல்கிறார்கள். ராகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நான் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறேன். ராத்திரி இலையில் உறைபனி விழுந்தால், காலையில் வெயில் படுமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வெயில் முந்திக்கொண்டால் இலை கருகிவிடும். விரல் மரத்துப்போக ஊற்றி முடித்து, இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத சாயத்தண்ணியோடு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் இந்தக் குளிரில் எனக்கிருக்கும் ஒரே சுகம்.

போன தையில் நான் பூவாளியைத் தூக்கிய நேரம் ரோட்டில் ஒரு வேன் நின்றது. கொழும்புக் குடும்பம். குல்லாவும் கையுறையுமாக, இமயமலைக்கே வந்துவிட்ட மாதிரி இறங்கினார்கள்.

"ஐயோ, ஊத்தாதீங்க அக்கா! ரெண்டே ரெண்டு போட்டோ!" என்றாள் அந்த அம்மா.

ரெண்டா எடுத்தார்கள்? பிள்ளை தனியாக, புருஷன் தனியாக, பிறகு எல்லோரும் சேர்ந்து, யாரோ கண்ணை மூடிவிட்டாரென்று மறுபடியும். அதற்குள் வெயில் பாத்திக்கு வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் சுடுதண்ணி ஊற்றின மாதிரி அத்தனை இலையும் கறுத்துத் தொங்கியது.

நாலு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக்காரி தன் போனில் வந்திருந்த அந்தப் படத்தைக் காட்டினாள். கீழே 'சொர்க்கம்' என்று எழுதியிருந்தார்கள். என் கிழங்கைக் கெடுத்துவிட்டு இவர்களுக்குச் சொர்க்கமா என்று திட்ட வாயைத் திறந்தேன்.

படத்தின் ஓரத்தில் நானும் நின்றேன். கையில் ததும்பும் பூவாளி, வாயெல்லாம் பல்.