ஐந்து அரியர்

அன்று துறைத்தலைவர் அறையில் இருந்தது நாங்கள் நாலே பேர்: அவர், வகுப்பு ஆசிரியை, இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும் என் மகள், நான்.

"அஞ்சு அரியர் நிக்குதும்மா" என்றார்.

எட்டாவதோடு நின்று, முடிச்சூரில் ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள் நான். அரியர் என்ற சொல்லை வீட்டு வரி ரசீதில்தான் பார்த்திருக்கிறேன்.

"எவ்ளோ சார் ஆவும்? ரெண்டு தவணையா கட்டிர்றேன்."

ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். சார் பொத்தவில்லை. "பணம் இல்லம்மா! அஞ்சு பேப்பர்ல ஃபெயில்!" மகளும் சிரித்தாள். சிரித்தவளால் நிறுத்த முடியவில்லை. அது அழுகையாக மாறியதும்தான் அவர்கள் நிறுத்தினார்கள்.

"வீட்ல கொஞ்சம் கவனிங்க. ஃபோனைப் புடுங்கி வைங்க."

கவனிக்காமலா? விடியுமுன் காலேஜ் பஸ், இருட்டியபின் வீடு, அதற்கப்புறம் ரெக்கார்டு எழுதுவாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பரீட்சைத் தாளில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதும்மா என்றாள். அவள் அறைத் தாழ்ப்பாளை நானே கழற்றிவிட்டேன். மெஷினை மிதிக்கும்போதும் காது அந்தப் பக்கமே இருக்கும். அரவம் இல்லையென்றால் எழுந்து ஓடுவேன்.

"இவ சரியா தூங்கி எத்தினி மாசம் ஆச்சு சார்!"

"எல்லாப் பசங்களுக்கும் ஸ்ட்ரெஸ் இருக்கத்தான்மா செய்யும்."

மகள் என் முந்தானையைப் பிடித்தாள். "ம்மா, என்னால முடியல. வூட்டுக்குப் போலாம்."

"இன்னாத்துக்கு சார் இந்தப் படிப்பு? நிறுத்திர்றோம். சர்டிபிகேட்டக் குடுங்க."

"நடுவுல நின்னா கடைசி வருஷ ஃபீஸும் சேத்து கட்டணும். கட்டிட்டு வாங்கிக்கோங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பணம்தான் என்று நான் முதலிலேயே சொன்னேனே.

இப்போது பகலில் தூங்குகிறாள். விழித்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி தைக்கிறாள். போன வாரம் தானாகவே கேட்டாள்: "ம்மா, பி.ஏ. தமிழ் சேரட்டா? மெதுவா படிப்பேன்." சேர்க்கலாம். ஆனால் பிளஸ் டூ மார்க்‌ஷீட் அந்தத் துறைத்தலைவர் அறையின் பீரோவில் இருக்கிறது. சங்கிலியை விற்றுக் கட்டினேன். அப்படியும் பாக்கி எழுபத்தெட்டாயிரம் ரூபாய்.