தெரேசா லைனுக்கு ஒரு படகு வழி

முதல் மழை இறங்கியதும், தங்கம் எடுத்தபின் கொட்டி வைத்த மில் மண் நனைந்த வாடை, துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போல, வீட்டுக்குள் வரும். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லைன் என்று நாங்கள் சொல்லும் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளை ஒட்டி ஓடும் கால்வாய்க்கு ஓடுவேன். அப்போது எனக்குப் பத்து வயது. என் ஒரே தோழி தெரேசாவுக்குச் சேதி அனுப்ப மழையை விட்டால் வழியில்லை.

என் அப்பாவும் அவள் அப்பாவும் ஒரே ஷிப்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். சங்கத் தேர்தலில் ஆளுக்கொரு பக்கம் நின்று, வாய் தடித்து, கடைசியில் தெரேசா வீட்டார் கீழ் லைனுக்கே குடிமாறிப் போனார்கள். "அந்த லைன்ல கால வெச்சே, ஊட்டுக்கு வராத" என்று அப்பா சொல்லிவிட்டார். கால்வாய் மட்டும் யாரையும் கேட்காமல் அங்கே போய்க்கொண்டிருந்தது. தேய்ந்த செருப்பை அறுத்துப் படகாக்கி, அதில் கடிதத்தைச் செருகி விட்டேன். ஆனால் கால்வாயின் நடுவில், தண்ணீர் சட்டென்று கீழே விழும்படி, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் படி. அதில் விழுந்து படகு கவிழும், கடிதம் சேற்றோடு போகும்.

விடுவேனா? படிக்குக் கீழே ஒரு தகரத்தைச் செருகி, புற்றுமண் அப்பி அணை கட்டினேன். தண்ணீர் படியின் உயரத்துக்கு ஏறி நின்றது, படகும் மிதந்து வந்தது. தகரத்தைத் தூக்கியதும் பின்னாலிருந்த தண்ணீர் மொத்தமும் பாய்ந்து படகைக் குப்புறத் தள்ளியது. மூன்று மழை இப்படியே போனது. அப்புறந்தான் சுரங்கத்துக் "காத்துக் கதவு" ஞாபகம் வந்தது. உள்ளே காற்று தப்பிப் போகாமலிருக்க அடுத்தடுத்து இரண்டு கதவுகள் இருக்கும், ஒன்றைச் சாத்தாமல் மற்றதைத் திறக்கக் கூடாது. எங்கள் லைன் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே விளையாடுவோம். படியின் தலையில், படகு உள்ளே வந்ததும் சாத்திக்கொள்ள, இன்னொரு தகரத்தைச் செருகினேன். பெரிய ஆறுகளில் அணையும் இரட்டைக் கதவும் வைத்துப் படகுகளை இப்படித்தான் ஏற்றி இறக்குகிறார்கள் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

படகு இரண்டு தகரத்துக்கும் நடுவே வந்த நேரம், ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பக்கத்தில் நின்றார். பயத்தில் நான் கீழ்த் தகரத்தைத் தூக்கப் போனேன்.

"இன்னா பண்றே? மேல் கதவ சாத்தினியா?"

சாத்தினேன்.

"யாருக்கு இது?"

"தெரேசாவுக்கு."

உதைதான் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, கீழ்த் தகரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தூக்கினார். தண்ணீர் தாழ, படகும் ஆடாமல் தாழ்ந்து, கீழ் லைனை நோக்கிப் போனது. அதற்குப் பிறகு மழை பெய்தால் அவரே குடையோடு வந்து நிற்பார். படியைத் தாண்டி மட்டும் ஒருநாளும் போகவில்லை.

மைன் மூடிவிட்டது. கால்வாய் சிமெண்டுக்கு அடியில் போய்விட்டது. போன வருஷம் அப்பா இறந்தபோது, தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா வந்தார். "மழ பேஞ்சா உங்கப்பன் எப்ப படகு வுடுவான்னு நானுந்தான் கீழ நின்னு பாத்துகினு இருப்பேன்மா" என்றார். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபந்தான் வந்தது, இன்னும் அடங்கவில்லை. முழங்கால் உயரப் படி அது. ஒரு செருப்புத் துண்டை அதில் பத்திரமாக இறக்கிவிட்டேன். அந்த இரண்டு அப்பாக்களில் ஒருவரை இறக்கவோ, ஒருவரை ஏற்றவோ என்னால் முடியவில்லை.