ஸ்டிக்கரைப் பார்த்து வைத்தியம்

எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். நாடி பார்க்காமலே மருந்து கொடுப்பார்.

நேற்று அவருடைய அக்காவின் தட்டச்சுக் கடைக்குப் புதுப் பிரிண்டர் வந்தது. வேலையைப் பறிகொடுத்த தொழிலாளி ஒருவர் மேல்முறையீட்டு மனுவை அச்செடுக்கக் காத்திருந்தார். அதை அலுவலகத்தில் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

"எந்த விண்டோஸ்னு உள்ள பாருடா," என்றாள் அக்கா.

"கம்ப்யூட்டர் பெட்டியிலயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, ஏழுன்னு!"

பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை, விண்டோஸ் ஏழுக்கானதையே திரும்பத் திரும்பப் போட்டார். பிரிண்டர் அசையவில்லை.

"மெஷினுக்கு நேரம் சரியில்லக்கா."

"போன வருஷம் பழைய விண்டோஸை அழிச்சுட்டுப் பத்து போட்டதே நீதானேடா!"

அக்காவே பத்துக்கான டிரைவரைப் போட்டாள். மனு அச்சாகி வந்தது. தொழிலாளி ஓடினார், அதற்குள் அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

டாக்டருக்கு வெட்கமே இல்லை. "அந்த ஆளுக்கும் நேரம் சரியில்லக்கா," என்றார்.