பத்தாது என்று சொன்னவர்

மூன்று கணக்கு. இரண்டில் அவர் தோற்றால் நான் வேலூருக்குப் போய் இரண்டு வருஷம் தங்கி ஆசிரியைப் பயிற்சி படிக்கலாம். இல்லாவிட்டால் ஆம்பூரிலேயே அடுப்பூதலாம். கல்யாணமான மறு வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்ட பந்தயம் இது.

நான் ஓர் இரண்டு இலக்க எண்ணை நினைத்துக்கொண்டு, அதன் இலக்கங்களைப் பற்றித் துப்புக் கொடுப்பேன். துப்புப் போதுமானால் அவர் எண்ணைச் சொல்ல வேண்டும். போதாவிட்டால் 'பத்தாது' என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை. புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் தோலை முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என ஏதாவது ஓர் அடுக்கில் வீசியாக வேண்டும். 'தெரியல' என்பதற்கு அங்கே அடுக்கே கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. மழை வருமா என்று கேட்டால் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்வார். அதை நம்பித்தான் பந்தயத்தில் இறங்கினேன்.

"ரெண்டையும் கூட்டுனா ஒம்போது. ஒண்ணு இன்னொண்ணைப் போல ரெண்டு மடங்கு," என்றேன்.

"முப்பத்தாறு!"

"அறுபத்திமூணு இன்னா பாவம் பண்ணுச்சு?"

மனுஷர் அசடு வழிந்தார்.

மறுநாள் என் அதிகப்பிரசங்கித்தனம். "கூட்டுனா பதினெட்டு" என்று மட்டும் சொன்னேன். ஒரே துப்பா என்று மிரளுவார் என நினைத்தேன்.

"தொண்ணூத்தொம்போது. இதுக்கு மேல இன்னா ஜாஸ்தி வேணும்?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவதற்கு முதல் கணக்கையே எடுத்தேன். பழசுதானே என்று அவசரப்பட்டுப் 'பத்தாது' என்பார் என்று நினைத்தேன். அதனால் விடை ஒன்றே ஒன்றாகும்படி இன்னொரு துப்பையும் சேர்த்தேன்: "அது ஒத்தப்படை."

அவர் அவசரப்படவில்லை. "அறுபத்தி..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்தார். மீதியை விழுங்கிக்கொண்டார்.

"பத்தாது," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "தெரிஞ்சேதான தோத்தீங்க? இந்தப் பிச்சை எனக்கு வேணாம்!"

"சொன்னது சொன்னதுதான். கஞ்சி நானே காச்சிக்குவேன். நீ பொட்டியக் கட்டு."

அழுதுகொண்டே கட்டினேன். ஜெயித்தவள் அழுவாளா என்று கேட்டபடி அவர் பெட்டிக்குக் கயிறு போட்டார். அந்தக் குரலும் சரியாக இல்லை.