ஈ எழும்பினால் ஸ்பீடு

போன வாரம் எங்கள் ஊர்க்கூட்டத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்.

“உன் தட்டுல ஈ எழும்புச்சா, எழும்பலியா?”

சிரிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் எங்கள் வீட்டு அமாவாசைப் பாடு தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டவர் ஊர்த் தலைவர். எதிரே கைகட்டி நின்றவர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. நடுவில் நான்... நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே கூச்சப்படுகிறவள்.

பாடு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். வலைகள் நிறைய. அதனால் இன்றைக்கு இந்த இடம் இவர் வலைக்கு, நாளைக்கு அடுத்தவர் வலைக்கு என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அந்த முறைதான் பாடு. அமாவாசையை ஒட்டி இறால் ஓட்டம் அதிகம். அன்றைக்கு நம் பாடு வந்தால் அதுதான் தீபாவளி. தவறவிட்டால், எல்லா வலையும் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் மறுபடி நம் முறை. அதுவும் அமாவாசையில் வரும் என்று யார் சொன்னது?

இந்த முறையை மட்டும் எங்கள் ஆண்கள் மீறவே மாட்டார்கள். படகுக்குப் பக்கத்தில் இறால் துள்ளி விளையாடினாலும், தன் முறை இல்லையென்றால் என் வீட்டுக்காரர் வலையைத் தொடமாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். அப்படி ஒரு பொறுமை.

அதே மனிதர் கரைக்கு வந்து பைக்கை உதைத்தார் என்றால்... பொறுமை படகிலேயே தங்கிவிடும்.

நான் கல்யாணமான நாளிலிருந்து பின்சீட்டுக்காரி. பின்சீட்டில் உட்கார்ந்து நான் பெற்ற சாலை அறிவு கொஞ்சநஞ்சமல்ல.

“நான் ஸ்பீடா போறேன்னு எவன் சொன்னது? மத்தவனுங்க மெதுவா போறானுங்க.”

“ஸ்பீடா போனா பள்ளத்து மேலயே பறந்துடலாம். மெதுவா போறவன்தான் ஒவ்வொரு பள்ளத்துலயும் எறங்கி ஏறணும்.”

“ஹெல்மெட் போட்டா காது கேக்காது.”

ஹெல்மெட் இல்லாதபோது மட்டும் பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் இவர் காதில் விழுந்திருக்கிறதா? கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை — ஹாரனை அல்ல, கேள்வியை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அதுதான் நான் கண்டுபிடித்த சாலைப் பாதுகாப்பு.

மீட்டரைப் பார்த்தாவது வேகத்தைத் தெரிந்துகொள்ளலாம் என்கிறீர்களா? எங்கள் ஊர் உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்து, பாதி பைக்குகளில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. முள் எழுந்திருக்கவில்லை என்றால் வேகமும் இல்லை. கணக்கு சரிதானே?

ஒருமுறை பொன்னேரியில் சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். வந்தவர்களுக்கு ஹெல்மெட் இலவசம் என்றார்கள். எங்கள் ஊரே விழிப்புணர்வு பெறக் கிளம்பிவிட்டது. இவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதிகாரி, “வேகம் விவேகமல்ல” என்று சொன்னபோது பலமாகக் கைதட்டினார். பிறகு ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, கூட்டம் முடிந்து கிளம்பிய எல்லோரையும் முந்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் அந்த ஹெல்மெட்டில் குழம்புக்கு நண்டு வந்தது. எல்லா நண்டும் உயிரோடு, ஒரு கால்கூட ஒடியாமல். ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நண்டு வராத நாட்களில் அது ஹேண்டிலில் தொங்கும். பொன்னேரி ரோட்டில் போலீஸ் நின்றால் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்டுவார்கள். உடனே வண்டி வண்டியாக எல்லா ஹெல்மெட்டும் தலைக்கு ஏறும். போலீஸைத் தாண்டி அடுத்த வளைவு வந்ததும் எல்லாம் மறுபடி ஹேண்டிலுக்கு இறங்கும். தலைக்குப் போட்டதா அது? காவலருக்கு வைக்கிற வணக்கம்.

இத்தனைக்கும் நாங்கள் தினமும் டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டித்தான் கடைத்தெருவுக்குப் போகிறோம். அதன் வாசலில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சில நூறு வருஷமாக நிற்கின்றன. இதைவிடத் தெளிவாக ஒரு எச்சரிக்கைப் பலகையை எந்த அரசாங்கமாவது வைத்திருக்கிறதா? அந்த இடத்தில்தான் ரோடு நேராக இருக்கிறது என்று எல்லோரும் முறுக்குவார்கள்.

கல்லறையைத் தாண்டி ஒரு வளைவு. வளைந்ததும் எங்கள் கடை வரிசை. கடை என்றால் ரோட்டோரம் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான். நான் கருவாட்டுத் தட்டோடு, பக்கத்தில் கன்னியம்மா நண்டுக் கூடையோடு. சின்ன வயதிலிருந்தே எனக்குச் சிநேகிதி. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதனால்தான் எங்கள் வியாபாரம் நடக்கிறது.

போன மாசம் ஐஸ்பெட்டி கட்டிய பைக் ஒன்று அந்த வளைவில் சறுக்கி, நேராகக் கன்னியம்மா மேல் வந்தது. பெட்டி உடைந்து ரோடெல்லாம் ஐஸ். கூடை கவிழ்ந்து ரோடெல்லாம் நண்டு. அவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஓட்டியவன் எங்கள் ஊர்த் தம்பிதான். எழுந்ததும் முதலில் சொன்னது என்ன தெரியுமா?

“அக்காதான் குறுக்க வந்துச்சி.”

கன்னியம்மா வலியோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள். “டேய்... உக்காந்துகினு இருந்தவ எப்டிடா குறுக்க வருவேன்?”

நண்டு விற்பவளுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் நண்டை அமுக்கிப் பிடித்து, மறு கையால் கொடுக்கைக் கயிற்றால் கட்ட வேண்டும். மாவுக்கட்டுப் போட்ட கையோடு எதைக் கட்டுவது? அவள் நண்டையும் நான்தான் கட்டிக்கொடுத்தேன். பழக்கமில்லாததால் அவை என்னைக் கடித்தன. “நண்டுகிட்டயும் வெக்கமா ஒனக்கு? அமுக்கிப் புடிமே” என்பாள்.

அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலைவர் சொன்னார்: “போலீஸ் போட்ற ஃபைனு நம்மாளுக்கு ஒறைக்காது. ஊருக்குள்ள ஸ்பீடா வந்தா அடுத்த பாடு கட்டு. அவ்ளோதான்.”

பாடு கட்டு என்றால் அந்த முறை கைவிட்டுப் போகும், அடுத்த வலைக்காரன் எடுத்துக்கொள்வான். எல்லோர் முகத்திலும் ஒரே சமயத்தில் சாலைப் பாதுகாப்பு தெரிந்தது.

முதலில் வாய் திறந்தவர் என் வீட்டுக்காரர். “அதெல்லாம் சரி தலைவரே. ஸ்பீடுன்னு எத்த வச்சி சொல்லுவீங்க? மீட்டரே ஓடல.”

நியாயமான கேள்வி. அவரவர் வண்டியின் ஓடாத மீட்டரை நினைத்துப் பெருமையோடு தலையாட்டினார்கள்.

கன்னியம்மா எழுந்தாள். “மீட்டரு எங்ககிட்ட கீது. இவ கருவாட்டுத் தட்டுல எந்நேரமும் ஈ மொய்ச்சிகினு இருக்கும். மெதுவா போற வண்டிக்கு ஒரு ஈ அசையாது. மொறையில்லாம போனா அந்தக் காத்துக்கு மொத்தமா எழும்பும். ஈ எழும்புனா ஸ்பீடு.”

“ஈ தானா பறக்காதா?” என்றார் இவர்.

“தானா பறந்தா ஒண்ணு ரெண்டு பறக்கும் மாமா. வண்டிக் காத்துல பறந்தா தட்டு துடைச்சி வச்ச மாதிரி ஆயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. அதுவே சட்டமாகிவிட்டது. என் கருவாட்டில் ஈ மொய்க்கிறது என்று ஊரறியத் தீர்மானம் போட்டதில் என் வியாபாரம் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கும் சொல்லக் கூச்சம்.

பிறகு எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே. ஊர்வலத்தில் சாமி வருவது போல பைக்குகள் வந்தன. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே சிலர் வந்தார்கள். போகிற போக்கில் வண்டியைப் பார்க்கமாட்டார்கள், ரோட்டைப் பார்க்கமாட்டார்கள். என் தட்டைத்தான் பார்ப்பார்கள். கேமரா, தடுப்பு, அபராதம் எதுவும் செய்யாததை என் ஈக்கள் செய்தன. சம்பளம்கூடக் கேட்கவில்லை.

அமாவாசை நெருங்கியது. இந்த முறை அது எங்கள் பாடு. இவர் வலையெல்லாம் பார்த்துத் தைத்து வைத்தார். வண்டியை அப்படி ஓட்டினார்... பின்சீட்டில் எனக்குத் தூக்கம் வந்தது.

போன செவ்வாய்க்கிழமை கெட்டது காரியம். காலையில் நான் கடையில் இருந்தேன். இவர் கல்லறைப் பக்கமிருந்து ஊர்ந்துதான் வந்திருக்கிறார். பக்கத்து ஊரான பசியாவரத்துக்காரன் ஒருவன் இவரை முந்திவிட்டான். முந்தியது மட்டுமல்ல, திரும்பிப் பார்த்து, “இன்னா மாமா, பொண்ணு அழைப்பா?” என்று கேட்டிருக்கிறான்.

ஏரியில் அடுத்தவன் முறைக்கு நாள் கணக்கில் வழிவிடுகிறவருக்கு, ரோட்டில் ஒருவன் ஒரு நிமிஷம் முன்னால் போனது பொறுக்கவில்லை.

வளைவில் முதலில் அவன் வந்தான். சர்ரென்று போனான். ஈக்கள் எழும்பின. அவன் வேறு ஊர். எங்கள் பாடு அவனுக்கு இல்லை. போகட்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு சர்ர்... இவர். கன்னியம்மா சத்தம் போட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சாயங்காலம் கூட்டம். இவர் வழக்கறிஞர் வைக்கவில்லை. தேவையும் இல்லை.

“தலைவரே, பறந்தது அவன் எழுப்புன ஈ. அது எறங்குறதுக்குள்ள நான் வந்துட்டேன். மேல பறந்துகினு இருக்கிற ஈக்கு நான் எப்டி பொறுப்பு?”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. உண்மையிலேயே நல்ல வாதம். தலைவர் தாடையைத் தடவினார். கன்னியம்மாவைக் கேட்டார்.

“நான் வண்டியத்தான் பாத்தேன். இந்தக் கை ஒடஞ்சதுலருந்து வண்டி சத்தம் கேட்டா எனக்கு வேற எதும் தெரியறதில்ல” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

தட்டு என்னுடையது. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“நீ சொல்லுமா. அந்தப் பையன் போனப்புறம் ஈ மறுபடி எறங்குச்சா? உன் ஊட்டுக்காரன் வண்டிக்கு எழும்புச்சா, எழும்பலியா?”

இவர் என்னைப் பார்த்தார். அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் பேசமாட்டேன் என்ற நம்பிக்கை. இத்தனை வருஷம் பின்சீட்டில் வாய் திறக்காதவள் இங்கேயா திறக்கப்போகிறாள்? அந்த நம்பிக்கை நியாயமானதுதான். நான் பேசாமல் நின்றிருந்தாலே போதும், பாடு எங்களுடையது. தைத்து வைத்த வலை வாசலில் கிடக்கிறது.

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இடது கையால் இழுத்துக்கொண்டிருந்தாள். என் பிழைப்பு அவளுக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை.

“எறங்குச்சி” என்றேன்.

“அப்புறம்?”

“எழும்புச்சி.”

“ஒண்ணு ரெண்டா?”

“மொத்தமும்.”

அவ்வளவுதான் பேசினேன். குடிக்கிற சொம்பு தலைவர் பக்கத்தில் இருந்தது. தண்ணீர் கேட்கவும் கூச்சம்.

அமாவாசை வந்தது. எங்கள் பாட்டை அடுத்த வலைக்காரர் எடுத்தார். கரையேறியபோது கூடைகள் நிறைய இறால். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக்கும் குழம்புக்குக் கொடுத்தனுப்பினார். இவர் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கோபத்தோடு மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நேற்று பொன்னேரிக்குக் கிளம்பினோம். ஊருக்குள் வண்டி அதே சாமி ஊர்வலம். ஊர் எல்லை தாண்டியது. இனி ஈயும் இல்லை, பாடும் இல்லை. அவர் கை பழக்கப்படி முறுக்கப் போனது. நான் வழக்கம்போலக் கண்ணை மூடப் போனேன். மூடவில்லை.

“மெதுவா” என்றேன்.

ஒரு முறை பழகிவிட்டால் பேச்சு தானாகவே வருகிறது போலிருக்கிறது.

அவர் கை இறங்கியது. காட்டூரில் டீக்கு நிறுத்தியபோது தெரிந்தவர் ஒருவர் கேட்டார்: “இன்னா ஏழுமலை, வண்டி கிண்டி ரிப்பேரா? மாட்டு வண்டி மாதிரி வந்துகினு கீற?”

இவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சாட்சிய பின்னாடி உக்கார வச்சிகினு எவன்பா முறுக்க முடியும்?”

நல்ல மாற்றம்தான். ஆனால் ஹெல்மெட் மட்டும் இன்னும் ஹேண்டிலில்தான் தொங்குகிறது. அதற்கு எந்த ஈயை அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.