வராத கணினியின் பயம்

பெரம்பலூரில் குழந்தையில்லாதவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. நோயாளிகளின் கோப்புகளைத் தினமும் ரகசியக் குறியீட்டால் பூட்டி, இன்டர்நெட் வழியாகச் சென்னை சர்வருக்கு அனுப்புவோம். போகிற வழியிலேயே யாரோ அவற்றை நகலெடுத்து வந்தது போன வருஷம் தெரியவந்தது.

பூட்டு உடையவில்லையே என்று டாக்டரம்மா ஆறுதல்பட்டார். இன்றைய கணினியால் உடைக்க முடியாதுதான், ஆனால் இன்னும் உருவாகிவரும் பெரிய குவாண்டம் கணினி வந்துவிட்டால் இந்த வகைப் பூட்டு தாங்காது, எடுத்தவன் அதுவரை காத்திருப்பான் என்றேன். உடனே அவர், அந்தக் கணினியாலும் உடைக்க முடியாத புதுவகைப் பூட்டுக்கு மாறச் சொன்னார். கோப்பு போனவர்களுக்கு நாமே தெரிவித்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

நான் போன் செய்ததும் நேரில் வந்தார் அரும்பாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். வேறொருவரின் விந்தணுவால் பிறந்தவள் அவர் மகள். அது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். கோப்பை அழிக்க முடியுமா என்று கேட்டார். எங்களிடம் இருப்பதை அழிக்கலாம், போனதை ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

"அந்த மெஷினு எப்பங்க வரும்?"

"யாருக்கும் சரியாத் தெரியலைங்க. பத்து வருஷம் ஆகலாம். முன்னாடியும் வந்துடலாம்."

"புள்ள இப்ப ரெண்டாவது படிக்குது," என்றார். எழுந்து போனார்.

பூட்டுகளை மாற்றப் பல மாதம் பிடித்தது. பழைய ஸ்கேன் மெஷின் புதுப்பூட்டுக்கு ஒத்துவரவில்லை. அதை நெட்வொர்க்கிலிருந்தே பிரித்துவைத்தோம்.

அந்த வேலை முடிந்த சமயத்தில்தான் அந்த விவசாயியின் மனைவி பரிசோதனைக்கு வந்தவர், என் அறைக்கும் வந்தார். என்றைக்கோ வெளியாள் மூலம் தெரிவதற்கு முன் நாமே சொல்லிவிடலாம் என்று அவர் கணவர் தன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். பெரியவர் சத்தம் போடவில்லை. ஆனால் அன்றோடு பேத்தியிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் பக்கத்தில் போனால் எழுந்து வெளியே போய்விடுவாராம். வெங்காயக் காடு முழுக்கக் கணவரின் தம்பி கைக்குப் போய்விட்டது. இவர்கள் இப்போது அரியலூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கணவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார்.

"தாத்தா ஏன் பேசலன்னு இன்னமும் கேக்குறா," என்றவர், கோபமேயில்லாமல் சொன்னார்: "நீங்க போன் பண்ணாமயே இருந்திருக்கலாங்க."

சொல்லாமல் விடுவது தவறு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவரிடம் புதுப்பூட்டு போட்டாயிற்று என்று மட்டும் சொன்னேன். தலையாட்டிவிட்டு அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

திருடுபோன அந்தக் கோப்பை இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.